உங்க பைக்குள்ள என்ன இருக்கு பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். தினமும் தோளில் மாட்டிக்கிட்டு காலேஜுக்குப் போறீங்களே ஒரு பை... அதுல மொத்தம் எத்தனை ஜிப்? எட்டிப் பார்க்காமல் சொல்லுங்க.

தெரியலையா? விடுங்க, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2019-ம் வருடம் மே மாதம், ஒரு விடியற்காலையில், மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். என் பையில் மொத்தம் ஐந்து ஜிப். ஐந்தாவது ஜிப்புக்குள் உள்துணி கிழிந்து ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளே ஒரு தோட்டா!

தீபாவளித் துப்பாக்கிக்குப் போடுகிற ரோல் கேப் இல்லை பாஸ். நிஜமான 12 போர் தோட்டா. சிவப்பு உடம்பு, பித்தளை அடிப்பாகம், கட்டைவிரல் தடிமன். அது வெடிக்கவே இல்லை. ஆனால், அன்றைக்கு எனக்கும் என் குடும்பத்துக்கும் பட்ட காயம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நாளைக்கு நீங்களும் இன்டர்வியூவுக்கோ, மேல்படிப்புக்கோ ஏதாவது ஒரு ஃப்ளைட்டைப் பிடிக்கத்தானே போறீங்க?

முதலில் அந்தப் பையின் கதை.

எங்க வீடு மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு. பெரியப்பா இருப்பது சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில். நாலு ஏக்கர் நிலக்கடலை. ராத்திரியானால் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி, விதைத்ததை எல்லாம் கிளறிப் போட்டுவிடும். அதற்காகவே அவரிடம் லைசென்ஸோடு ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. பெரும்பாலும் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமப் பொட்டு வைப்பார். சின்ன வயதில் லீவுக்குப் போனால், 'தொடக் கூடாது, தூர நின்னு பாரு' என்பார். துப்பாக்கி விஷயத்தில் அவ்வளவு ஸ்ட்ரிக்ட்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், தெரியும்தானே? 2019 நாடாளுமன்றத் தேர்தலுக்கும் பெரியப்பா ஒப்படைத்துவிட்டார். ஏப்ரல் 18-ம் தேதி ஓட்டுப் போட்ட கையோடு, அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தி.நகருக்கு வந்தார். கையில் ஒரு பச்சை கான்வாஸ் பை. ரங்கநாதன் தெருவில் ரெண்டு நாள் இடிபட்டு, வாங்கின சாமான் எல்லாம் கொள்ளாமல், பாண்டி பஜாரில் ஒரு புது சூட்கேஸ் வாங்கினார். பழைய பையை எங்க வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, 'நல்ல பைடா, உழைக்கும். வெச்சுக்க' என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

வயலுக்குக் காவல் போகும் ராத்திரிகளில் டார்ச், தெர்மாஸ், தோட்டா எல்லாவற்றையும் அந்தப் பையில்தான் அவர் எடுத்துப் போவார் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தப் பை செம கெத்தாக இருந்தது!

அடுத்த மாதம் டெல்லியில் எனக்கு முதுகலைப் படிப்புக்கு இன்டர்வியூ. எழுத்துத் தேர்வு தாண்டியாச்சு. காலை 6.10-க்கு ஃப்ளைட், மதியம் 2 மணிக்கு இன்டர்வியூ. எங்க வீட்டிலேயே முதல் முதலாக விமானம் ஏறப் போகிற ஆள் நான்தான். அம்மா கபாலி கோயில் விபூதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முறுக்கு ஒரு டப்பா, பருப்புப் பொடி ஒரு டப்பா. எல்லாம் பச்சைப் பையில் ஏறியது. மற்ற நாலு ஜிப்பையும் நான்தான் நிரப்பினேன். ஐந்தாவது ஜிப் அடியில், மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. கண்ணிலேயே படவில்லை.

பை ஸ்கேனருக்குள் போனது. வெளியே வரவில்லை. பெல்ட் பின்னால் நகர்ந்தது, முன்னால் நகர்ந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார்.

'யே கிஸ்கா பேக் ஹை?'

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அதுவரைக்கும் புரிந்தது. பருப்புப் பொடியைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, 'ரைஸ் பவுடர் சார்... மிக்ஸ் வித் கீ' என்று உளறினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஓர் அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்தார். ஐந்தாவதில் விரலை விட்டார். துணியின் ஓட்டை வழியாக இன்னும் உள்ளே போனார். அந்தச் சிவப்புப் பொருளை எடுத்து ட்ரேயில் வைத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். இன்றைக்கும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது.

'புல்லட்' என்றார்.

சென்னைப் பையனுக்கு புல்லட் என்றால் திருவொற்றியூர் ஃபேக்டரியில் செய்த பைக்தான் ஞாபகத்துக்கு வரும். எங்க வீட்டில் ஸ்ப்ளெண்டர்தான் சார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. இன்னொரு டிப்ஸ் இங்கேயே சொல்லிடறேன். செக்யூரிட்டி கவுன்ட்டரில் ஜோக் அடிக்கவே அடிக்காதீங்க. அவங்க வேலை அப்படி. 1999 டிசம்பரில் காத்மாண்டுவில் இருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தி காந்தஹாருக்குக் கொண்டுபோனார்களே, அதற்குப் பிறகு 2000-ல் இருந்துதான் நம்ம ஊர் ஏர்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக சி.ஐ.எஸ்.எஃப். கைக்குப் போயின. அந்த பெல்ட்டில் போகும் ஒவ்வொரு பையையும் அந்த ஞாபகத்தோடுதான் பார்க்கிறார்கள். பார்க்கவும் வேண்டும்.

போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டார்கள். லிஸ்ட்டில் இருந்து என் பெயரை அடித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் விமானம் மெதுவாகத் திரும்பி நகர்வதைப் பார்த்தேன். பிறகு ஏர்போர்ட் போலீஸ் ஸ்டேஷன்.

அங்கே பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார்கள். அதட்டவில்லை. 'யாருது தம்பி இந்தப் பை?' என்றுதான் கேட்டார் அந்த அதிகாரி. ரொம்ப எளிமையான கேள்வி. எனக்கோ, பி.காம். மூணு வருடத்தில் இவ்வளவு கஷ்டமான கேள்வியைப் பார்த்ததில்லை.

ஏனென்றால், அதற்குள் அப்பா அவருடைய நண்பர் ஒருவரோடு வந்து சேர்ந்திருந்தார். அந்த அங்கிள் என் காதருகே குனிந்து சொன்னார். 'பெரியப்பா பேரை இழுக்காதே. அவர் லைசென்ஸ் போயிடும், கேஸ் ஆயிடும். கூட்டத்துல யாரோ உள்ளே போட்டுட்டாங்கன்னு எழுது. உனக்குத் தெரியாதுங்கறது உண்மைதானே? பாதி உண்மைதான்டா இது.'

அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். தம்பியாக ஒரு பக்கம், அப்பாவாக இன்னொரு பக்கம் என்று இழுபட்டுக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். உண்மையைச் சொல்லணும்னா, 'யாரோ' என்ற வார்த்தையை எழுதியும் விட்டேன்.

அப்போது அப்பாவின் போன் அடித்தது. பெரியப்பா. அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல, அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

'தம்பி, அது என்னுது. பத்து வாங்கினேன், நாலு வெடிச்சேன். ஸ்டேஷன்ல துப்பாக்கியைக் குடுக்கறதுக்கு முன்னாடி எண்ணிப் பார்த்தா அஞ்சுதான் இருக்கு. ஒண்ணைக் காணோம்னு வயக்காடு, பரணு எல்லாம் தேடிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. அதுதான் நான் செஞ்ச தப்பு. நீ என் பேரை எழுது. ஊரை எழுது. லைசென்ஸ் நம்பரையும் எழுது. நான் பஸ் ஏறிட்டேன்.'

நான் 'யாரோ' என்பதை அடித்துவிட்டு, 'என் பெரியப்பா' என்று எழுதினேன்.

லைசென்ஸ் புத்தகத்தின் பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. தோட்டா வாங்கின கணக்கு அதில் பதிவாகியிருந்தது. பெரியப்பா கோயம்பேட்டில் இறங்கி ஸ்டேஷனுக்கு வந்து சேரும்போது ராத்திரி ஏழரை. கசங்கின வேட்டி, கையில் மஞ்சள் பை, அதற்குள் ஒரிஜினல் லைசென்ஸ். அதிகாரி எதிரில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே, காணாமல் போனது உட்பட எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். எழுதி வாங்கிக்கொண்டு, தோட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி எங்களை அனுப்பினார்கள்.

இது எனக்கு அமைந்தது. எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று நினைத்துவிடாதீங்க. அதனால்தான், கொஞ்சம் சட்டம் பேசுவோம். போரடிக்க மாட்டேன்.

பலரும் நினைப்பது போலவே நானும், 'துப்பாக்கி இருந்தாத்தானே குத்தம்? வெறும் தோட்டாதானே!' என்று நினைத்திருந்தேன். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ரெண்டில் எதையும் வைத்திருக்கக் கூடாது. லைசென்ஸ் என்பது ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. ரேஷன் கார்டு மாதிரி எல்லார் பேரும் அதில் இருக்காது! பெரியப்பாவின் தோட்டா, பெரியப்பா கையில் இருந்தால் சட்டப்படி சரி. என் பையில் இருந்தால் கேள்வி. நான் மாட்டின மே மாதத்தில் இதற்கான தண்டனை ஒரு வருடத்தில் இருந்து மூன்று வருடம். அதே 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து. அபராதம் தனி.

'தெரியாமல் இருந்தாலுமா?' என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. வைத்திருப்பது என்றால் தெரிந்தே வைத்திருப்பது என்று சுப்ரீம் கோர்ட் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. நடிகர் சஞ்சய் தத் வழக்கில் 1994-ல் வந்த தீர்ப்பும் அதை விளக்கியது. 2014 டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட், ஒரே ஒரு தோட்டாவோடு சிக்கிய ஒருவர் மீதான வழக்கை ரத்து செய்தது. தோட்டா இருப்பது அவருக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை, துப்பாக்கியும் இல்லை என்பதுதான் காரணம். அதே மாதிரி சில வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன.

அப்பாடா என்று மூச்சு விடாதீங்க. ரத்து என்பது ஹைகோர்ட்டில் நடப்பது. அதற்கு முன்னால் எஃப்.ஐ.ஆர்., வக்கீல், வாய்தா எல்லாம் இருக்கிறது. நடுவில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால், 'உங்கள் மீது கிரிமினல் வழக்கு நிலுவையில் உள்ளதா?' என்று ஒரு கட்டம் வரும். அதைக் காரணமாக வைத்து பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ம் வருட பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்பு, கேம்பஸ் வேலை என்று கனவோடு இருக்கும் வயதில் ரெண்டு வருடம் என்பது சாதாரணமா?

சரி, துப்பாக்கியோடு விமானத்தில் போகவே முடியாதா? தாராளமாகப் போகலாம். அடையாறில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். ரைஃபிள் ஷூட்டர். நடிகர் அஜித் 2021-ல் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கங்கள் ஜெயித்ததில் இருந்து நம்ம ஊர் பசங்களுக்கு இந்த ஸ்போர்ட் மேல் ஒரு கண். லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என்று ரெண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்டார். இவர்கள் எல்லாம் ரைஃபிளைத் தபாலிலா அனுப்புகிறார்கள்?

என் கதையைச் சொன்னபோது தோழி சிரித்துவிட்டுச் சொன்னாள். 'நான் டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்கு எத்தனை தடவை ரைஃபிளோட போயிருக்கேன் தெரியுமா? ஒரு தடவை கூட மாட்டலை. ஏன்னா, அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன்.'

அவள் செய்வது இதுதான். டிக்கெட் போட்டதுமே ஏர்லைன்ஸுக்குத் தகவல் சொல்லி அனுமதி. கிளம்பும் நாள் மூன்று மணி நேரம் முன்பே ஏர்போர்ட். துப்பாக்கி பூட்டு போட்ட கெட்டியான பெட்டியில், உள்ளே தோட்டா இல்லாமல். கவுன்ட்டரில் முதல் வார்த்தையே, 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது.' ஒரிஜினல் லைசென்ஸ், போட்டிக்கான கடிதம் ரெண்டையும் நீட்டுவாள். போகிற மாநிலத்தில் லைசென்ஸ் செல்லுமா என்பதை வீட்டிலேயே பார்த்திருப்பாள். துப்பாக்கி காலியாக இருப்பதை அவர்கள் சோதித்த பிறகு, பெட்டி சரக்குப் பகுதிக்குப் போகும். கூட கேபினுக்கு வராது. தோட்டா தனியாக, கெட்டியான பெட்டியில். சர்வதேச விதிப்படி ஒரு பயணிக்கு மொத்த எடை 5 கிலோதான். ரெண்டு பேர் பங்கை ஒரே பெட்டியில் சேர்க்கக் கூடாது. ஏர்லைன்ஸ் அதையும்விடக் குறைவாகச் சொன்னால், குறைவுதான் கணக்கு.

ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாமே என்பீங்க. 2016 ஆயுத விதிகள்படி 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் வேண்டாம். ஆனால், அதையும் சொல்லிவிட்டுத்தான் செக்-இன் செய்ய வேண்டும். சிலிண்டரில் இருக்கும் காற்றையும் இறக்கிவிட வேண்டும். 'ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் பார்த்துட்டு, கிடாரான்னு கேப்பாங்க. டிசம்பர்னா வீணையான்னு கேப்பாங்க. இல்லை சார், ரைஃபிள்னு சொல்லும்போது அவங்க முகத்தைப் பார்க்கணுமே' என்றாள்.

பாருங்க, முழுசா ஒரு ரைஃபிளோடு போனவள் பதக்கத்தோடு வீடு திரும்புகிறாள். ஒற்றைத் தோட்டாவோடு போனவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் பையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது என்னை மாதிரி சின்னப் பசங்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீங்க. 2024 ஜூன் தொடக்கத்தில், நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான கருணாஸ் திருச்சிக்குப் போக இதே சென்னை ஏர்போர்ட்டுக்கு வந்தார். பையில் 40 தோட்டாக்கள். லைசென்ஸ் இருக்கிறது, தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைத்தாகிவிட்டது, தோட்டா பையில் இருந்ததைக் கவனிக்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன விளக்கம். அந்த ஃப்ளைட்டில் அவர் போகவில்லை. செய்தியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே தேர்தல், அதே மறதி.

அமெரிக்காவில் 2023-ல் மட்டும் ஏர்போர்ட் சோதனைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. கேட்டால் வழக்கமாக வரும் பதில், 'மறந்துட்டேன்!' அங்கே மறந்தவர்கள் வெளிநாட்டுக்குப் போனால் இன்னும் சிக்கல். கரீபியன் கடலில் டர்க்ஸ் அண்டு கைகோஸ் என்று ஒரு குட்டித் தீவுக் கூட்டம். 2024-ல் அங்கே டூர் போன சில அமெரிக்கர்கள் பையில் மறந்துபோன தோட்டாக்களோடு சிக்கினார்கள். அந்த ஊர் சட்டப்படி குறைந்தபட்ச தண்டனை 12 வருடம்! பெரிய சத்தம் கிளம்பிய பிறகு, அந்த வருடம் ஜூனில் தண்டனை விஷயத்தில் நீதிபதிகளுக்குக் கூடுதல் சுதந்திரம் கொடுத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

இன்னொரு ஊரின் கதையைப் படித்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. பிலிப்பைன்ஸின் மணிலா ஏர்போர்ட். 2015-ல் அங்கே பயணிகளின் பைகளில் சோதனை ஊழியர்களே தோட்டாவைப் போட்டுவிட்டு, காசு பறிக்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. ஜனங்கள் பயந்துபோய், பைகளை பிளாஸ்டிக் தாளால் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். 'யாரோ உள்ளே போட்டுட்டாங்க' என்று நிஜமாகவே கதறியவர்கள் அவர்கள். அதே வரியைத்தான் நான் ஒரு நிமிடம் பொய்யாக எழுதப் பார்த்தேன். என்னை மாதிரி ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லித்தான், நிஜமாக மாட்டுகிறவன் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை. அதைவிட, நான் கை நீட்டியிருக்க வேண்டிய 'யாரோ' யார்? அன்றைக்கு என் பையைத் தொட்ட கூலிக்காரரா, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்ணா?

சரி, இப்போது உங்களுக்கு.

மத்தவங்க பையை இரவல் வாங்கினால், எல்லா ஜிப்பையும் திறந்து, கவிழ்த்து, தட்டிட்டு அப்புறம் உங்க துணியை வைங்க. மாமா மிலிட்டரி, தாத்தா போலீஸ் என்றால் ரெண்டு தடவை தட்டுங்க.

என்.சி.சி. கேம்ப்பில் பொறுக்கின காலி கேட்ரிட்ஜை ஞாபகார்த்தமாக வைத்திருக்கீங்களா? வீட்டு ஷோகேஸில் அழகாக இருக்கும். பையில் வேண்டாம். பிளாட்பாரத்தில் பேரம் பேசி வாங்கின தோட்டா கீ செயின், துப்பாக்கி ஷேப் லைட்டர், தங்கச்சியோட பொம்மைத் துப்பாக்கி எல்லாம் அதே லிஸ்ட்தான். ஸ்கேனர் திரையில் அது வெறும் ஒரு வடிவம். பொம்மை என்று நிரூபிப்பதற்குள் உங்க ஃப்ளைட் திருப்பதியைத் தாண்டியிருக்கும்.

'இதை அங்கே கொண்டுபோய்க் குடுத்துடுப்பா' என்று யாராவது பார்சல் நீட்டினால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீங்க. அவங்க கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

ஏர்போர்ட் வாசலில் ஞாபகம் வந்ததா? அப்படியே நின்றுவிடுங்க. குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நைஸாக நழுவ வேண்டாம், அது இன்னும் வம்பு. வாசலில் நிற்கும் காவலரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்க. அப்படியும் மாட்டிக்கொண்டால், ஓடாதீங்க, கத்தாதீங்க, கதை கட்டாதீங்க. வீட்டுக்குப் போன் பண்ணி, ஒரு வக்கீலை வரச் சொல்லுங்க. கையெழுத்துப் போடும் முன் எழுதினதை ஒரு தடவை முழுசாகப் படிங்க. அதில் பொய் இருக்கக் கூடாது.

எனக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லையே? டெல்லி இன்டர்வியூ திரும்ப வரவில்லை. மெயில் போட்டேன், 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. ஒரு வருடம் தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பில் அடுக்கிவிட்டு, இங்கேயே மேலே படித்தேன். வழக்கு எதுவும் வரவில்லை. பெரியப்பாவிடம்தான் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். துப்பாக்கி அவர் கைக்குத் திரும்பி வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. அந்தப் போகத்தில் கடலையில் பாதியைப் பன்றி தின்றது. ஒரு நாளும் அதை என்னிடம் அவர் சொன்னதில்லை. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அலமாரியைத் திறந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் காட்டினார். உள்ளே சிவப்புச் சிவப்பாக ஐந்து தோட்டா. மூடியில் ஒட்டின காகிதத்தில் எண்ணிக்கையும் தேதியும். 'தினம் எண்ணிப் பார்த்துட்டுத்தான் படுக்கறேன்' என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். 'அன்னைக்கு முதல்ல என்னமோ எழுதி அடிச்சிருந்தியே, என்னடா அது?'

'ஸ்பெல்லிங் மிஸ்டேக் பெரியப்பா' என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அந்தப் பச்சைப் பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஓட்டையை அம்மா தைத்துவிட்டார். எங்கே கிளம்பினாலும் முதல் நாள் ராத்திரி அதைக் கூடத்தில் கவிழ்த்து நாலு தட்டு தட்டுவேன். கடைசியாகத் தட்டினபோது விழுந்தவை... 29சி பஸ் டிக்கெட் ஒன்று, ஒரு ஹேர்பின், ஒரு ரூபாய் காசு, முறுக்குத் தூள்.

ஹேர்பின் யாருடையது என்று அம்மா கேட்டார். அது வேற கதை பாஸ். நீங்க முதல்ல எழுந்து போய் உங்க பையைக் கவிழ்த்துப் பாருங்க!